ஒரு நாழிகை வித்தியாசம்

மைசூர் நகர மண்டபத்துக்கு அருகே நிமிர்ந்து நிற்கும் ‘தொட்ட கடியாரம்’ என்னும் பெரிய மணிக்கூண்டு, நாலாம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சிப் பொறுப்பை ஏற்று இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்ததன் ஞாபகார்த்தமாக, அரண்மனை ஊழியர்கள் தாமே பொருள் திரட்டி 1927-இல் எழுப்பியது. 75 அடி உயரமுள்ள அக்கோபுரத்தின் முகத்தில் கன்னட இலக்கங்கள் வட்டமாக அமைந்திருக்கின்றன. தேவராஜ மார்க்கெட்டின் பக்கத்திலுள்ள ‘சிக்க கடியாரம்’ அதற்கு மூத்தது. டஃபரின் பிரபுவின் விஜயத்தை நினைவூட்டுவது. இவ்விரண்டும் பகல் பன்னிரண்டு மணியைக் காட்டவேண்டிய அதே சமயத்தில், அருகே வெயிலில் நிற்கும் ஒரு விளக்குக் கம்பத்தின் நிழலை ஒருவர் ஊன்றிக் கவனிப்பாரானால், அந்நிழல் இன்னும் மேற்குப் பக்கமாகவே சாய்ந்திருப்பதையும், சூரியன் உச்சியை எட்டச் சிறிது நேரம் பாக்கி இருப்பதையும் அவர் பிரத்தியட்சமாகக் காண்பார்.

அந்தப் பாக்கி எவ்வளவு என்பதைக் கணக்கிடுவது எளிது. இந்தியா முழுமைக்கும் பொதுவாக வைத்திருக்கும் நேரம், மிர்சாபூருக்கு அருகிலும் காக்கிநாடாவுக்கு அருகிலும் செல்லும் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். மைசூரோ ஏறத்தாழ 76.65 பாகையில் இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல நாலு நிமிஷம் ஆகிறபடியால், இடையிலுள்ள 5.85 பாகைக்கு இருபத்து மூன்று நிமிஷமும் சில விநாடிகளும் ஆகின்றன. நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிஷம். அறுபது நாழிகையில் 360 பாகை சுழலும் பூமி, ஒரு நாழிகையில் சரியாக ஆறு பாகை சுழலும். ஆகவே 82½ பாகையிலிருந்து ஒரு நாழிகை பின்தங்கிய ரேகை 76½ பாகை. அது மைசூருக்கு மேற்கே சுமார் பதினாறு கிலோமீட்டரில் செல்கிறது. தன் ஆகாயத்தைவிட ஒரு நாழிகை முன்னதாகவே எழுந்து, ஒரு நாழிகை முன்னதாகவே உண்டு, ஒரு நாழிகை முன்னதாகவே உத்தியோகத்துக்குச் செல்லும் நகரம் மைசூர் என்று சொன்னால் அது வெறும் அலங்கார வார்த்தை அன்று, கணிதம்.

இதை ஒரு குறையாகச் சொல்ல நான் முற்படவில்லை. ரயிலும் தந்தியும் வந்த பிறகு ஊருக்கு ஒரு நேரம் வைத்துக்கொண்டு காலட்சேபம் செய்வது இயலாத காரியமாயிற்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வுக் கூடத்தில், ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானநூலார் நிர்ணயித்த தீர்க்கரேகைப்படி, கிரீனிச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்தியதான ‘சென்னை நேரம்’ நெடுங்காலம் இந்திய ரயில்களின் நேரமாக இருந்தது. 1906 ஜனவரி முதல் நாள் இப்போதுள்ள இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. அப்படியும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் சொந்த நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இன்று புதுதில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் சீசியம் அணுக்கடிகாரங்கள் அந்தப் பொது நேரத்தைக் காத்து நாட்டுக்கு வழங்குகின்றன. இவ்வளவு சிரமப்பட்டு உண்டாக்கிய ஒற்றுமையைக் கலைக்க வேண்டியதில்லை. ஆனால் பொது நேரத்தைக் கையில் கட்டிக்கொண்டவர்கள் தம் ஸ்தலத்தின் நேரத்தையும் அறிந்து, சில நாட்களேனும் அதன்படி வாழ்ந்து பார்க்கவேண்டும் என்பது என் திடமான கருத்து. ஏனெனில் தாம் பூமியில் எவ்விடத்தில் நிற்கிறோம் என்பதைத் தம் கண்ணாலேயே தெரிந்துகொள்ள மனிதனுக்கு இதைவிட நேரான வழி வேறில்லை. இந்த அத்தியாயம் அத்தகைய பரீட்சைகளைப் பற்றியது.

பரீட்சைக்கு மைசூரைத் தேர்ந்துகொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1891-இல் அங்கே நிறுவப்பட்ட கீழ்த்திசைச் சுவடி நிலையத்துக்கு, 1905-ஆம் ஆண்டில், தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் கிரந்த லிபியில் எழுதிய பனையோலைச் சுவடி ஒன்றைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். நிலையத்தில் பணியாற்றிய ருத்ரபட்டண சாமா சாஸ்திரி அதை ஆராய்ந்து, பெயரளவில் மட்டுமே தெரிந்திருந்த கௌடிலியருடைய அர்த்தசாஸ்திரம் அதுவே என்று கண்டு, 1909-இல் அச்சிட்டு வெளியிட்டார். ராஜதந்திர நூல் என்று புகழப்படும் அதில், காலத்தை அளப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அரசனுடைய பகலை எட்டுப் பங்காகவும் இரவை எட்டுப் பங்காகவும் பகுத்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கடமையை விதித்த ஆசிரியர், அப்பங்குகளை நாழிகை வட்டிலாலாவது நிழலாலாவது அறியலாம் என்கிறார். தமிழகத்திலும் இது புதிதல்ல. முல்லைப்பாட்டில் வரும் பாசறையில், நீர் வட்டிலைப் பார்த்து அரசனுக்குப் பொழுது இன்னதென்று அறிவிக்கும் நாழிகைக் கணக்கர்களைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள்.

நிழற் கணக்கு இது: பன்னிரண்டு அங்குல உயரமுள்ள ஒரு குச்சியைச் செங்குத்தாக நாட்டவேண்டும், அதற்குச் சங்கு என்று பெயர். அதன் நிழல் சங்கைப்போல் மூன்று மடங்காக, அதாவது 36 அங்குலமாக இருக்கும்போது பகலில் எட்டில் ஒரு பங்கு கழிந்தது. நிழல் சங்கின் அளவே ஆனபோது நாலில் ஒரு பங்கு கழிந்தது. நாலு அங்குலமாகக் குறுகும்போது எட்டில் மூன்று பங்கு. நிழலே இல்லாதபோது நடுப்பகல். இவை தனித்தனியே மனப்பாடம் செய்யவேண்டிய அளவுகள் போலத் தோன்றினாலும், ஊன்றிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சூத்திரம் இருப்பது விளங்கும். நிழலின் நீளத்தையும் சங்கின் நீளத்தையும் கூட்டி, அதை இரட்டித்து, சங்கின் நீளத்தை அத்தொகையால் வகுத்தால் கழிந்த பகலின் பங்கு கிடைக்கிறது. முக்கோண கணிதத்தின் உதவியின்றி, கூட்டலும் வகுத்தலும் மட்டும் தெரிந்த காவலாளியும் சொல்லக்கூடிய நேரம் இது.

இதை எவரும் தம் உடம்பைக் கொண்டே செய்து பார்க்கலாம். ஒருவருடைய உயரம் அவருடைய பாதத்தைப்போல் ஆறரை அல்லது ஏழு மடங்கு. ஏழு என்றே வைத்துக்கொள்வோம். காலையில் சமதரையில் நின்று, நிழலின் தலை விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து அதுவரை அடிமேல் அடி வைத்து அளக்கவேண்டும். அந்த எண்ணோடு ஏழைக் கூட்டி, 105-ஐ அதனால் வகுத்தால், சூரியோதயத்திலிருந்து கழிந்த நாழிகை வரும். நிழல் பதினாலு அடியானால் ஐந்து நாழிகை; ஏழு அடியானால் ஏழரை நாழிகை, அதாவது ஒரு சாமம். பகலை முப்பது நாழிகையாகக் கொண்டு மேலே சொன்ன சூத்திரத்திலிருந்து வருவித்த கணக்கு இது. பிற்பகலில் இதே எண், அஸ்தமனத்துக்கு இன்னும் எத்தனை நாழிகை என்பதைச் சொல்லும்.

இக்கணக்கு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? மைசூரில் நடுப்பகல் நிழல் அறவே மறையும் நாளில், கோளக் கணிதப்படி உள்ள உண்மை நிலையோடு இதை ஒப்பிட்டால், பகலில் கால் பங்கு கழியும்போது பன்னிரண்டு அங்குலச் சங்கின் நிழல் 12.1 அங்குலம், சூத்திரம் சொல்வது 12. நிழல் 36 அங்குலமாக இருக்கும் அதிகாலையிலும், நாலு அங்குலமாகக் குறுகும் முற்பகலிலும் பிழை கால் மணி அளவுக்கு வருகிறது. ஒரு குச்சியையும் வாய்ப்பாட்டையும் தவிர வேறு சாதனம் இல்லாமல் கால் மணிக்குள் பொழுது சொல்வது சாமானியமான வெற்றி அன்று. ஆனால் மார்கழியில் இதே முறையைக் கையாண்டால், முதலில் அன்றைய நடுப்பகல் நிழலைக் கழித்துக்கொள்ளவேண்டும். அப்படிக் கழித்தும் முப்பது நாற்பது நிமிஷம் வரை பிசகும். அப்பருவத்தில் சூரியன் தெற்கே வெகுதூரம் ஒதுங்கிச் செல்வதால், மைசூரில் நண்பகலிலும் நம் நிழல் ஏறக்குறைய ஐந்தடி இருக்கும்.

இங்கேதான் அந்தச் சுவடியின் மிகச் சுவையான விஷயம் வெளிப்படுகிறது. ஆஷாட மாதத்தில் நடுப்பகல் நிழல் இல்லை என்றும், பிறகு மாதத்துக்கு இரண்டு அங்குலமாக ஆறு மாதம் வளர்ந்து, மறுபடி அவ்வாறே தேயும் என்றும் நூல் சொல்கிறது. கோடை நடுவில் ஒரே முறை நிழல் மறையும் இடம் கடகரேகையை ஒட்டிய வடதேசமாகத்தான் இருக்கமுடியும். பன்னிரண்டு அங்குலம் வரை நிழல் நீள்வதும் அப்பிரதேசத்துக்கே ஏறக்குறையப் பொருந்தும். சுவடி வந்து சேர்ந்த மைசூரில், ஏப்ரல் 22-ஐ ஒட்டி ஒரு முறையும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி மறுமுறையுமாக, ஆண்டுக்கு இருமுறை நிழல் மறைகிறது. இடைப்பட்ட நாலு மாதமும் நடுப்பகல் நிழல் தெற்கு நோக்கி விழுகிறது. டிசம்பரிலும் அதன் நீளம் எட்டரை அங்குலத்தைச் சிறிதே தாண்டுகிறது. எத்தனையோ கைகளால் பிரதி செய்யப்பட்டுத் தஞ்சைக்கு வந்து, அங்கிருந்து மைசூருக்குச் சென்ற அந்த ஏடுகள், தாம் பிறந்த பூமியின் நிழலை மாற்றாமல் சுமந்து வந்திருக்கின்றன. காலம் அளக்கும் விதி ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்துக்கு உரியது. அதை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனால் அங்குள்ள ஆகாயத்தைக் கேட்டுத் திருத்திக்கொண்டே ஆகவேண்டும்.

ஸ்தல நேரத்தில் வாழ விரும்புகிறவர் முதலில் செய்யவேண்டியது நடுப்பகலைக் கண்டுபிடிப்பது. மொட்டைமாடியில் சமமான இடத்தில் சங்கை நாட்டி, அதன் அடியை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் போடவேண்டும். முற்பகலில் சுருங்கிவரும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் கணத்தையும், பிற்பகலில் நீளும் நிழல் மறுபடி அதைத் தொடும் கணத்தையும் கடிகாரத்தில் குறித்துக்கொண்டால், இரண்டுக்கும் நடுவிலுள்ள கணமே சூரியனுடைய உச்சிவேளை. நிழல் நுனி வட்டத்தைத் தொட்ட இரு புள்ளிகளையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தான கோடு தெற்கு வடக்கு. கோயில் கட்டுவோரும் வானநூலாரும் நம் தேசத்தில் நெடுங்காலமாகத் திசை காண்பதற்குக் கையாண்ட முறை இதுவே. தெற்கு வடக்குக் கோட்டை மாடித் தளத்தில் ஒருமுறை அழியாதபடி வரைந்துவிட்டால், பிறகு எந்த நாளிலும் நிழல் அக்கோட்டின்மேல் வந்து படியும்போது அங்கே நண்பகல்.

இதைச் சில மாதம் தொடர்ந்து செய்கிறவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. நிழல் கோட்டைத் தொடும் சமயம் கைக்கடிகாரத்தில் ஒரே மணியாக இருப்பதில்லை. நவம்பர் முதல் வாரத்தில் அது 12 மணி 7 நிமிஷத்துக்கே வந்துவிடுகிறது. பிப்ரவரி நடுவில் 12 மணி 37, 38 நிமிஷம் வரை தாமதிக்கிறது. ஏப்ரல், ஜூன் மாதங்களின் நடுவிலும், செப்டம்பர் தொடக்கத்திலும், டிசம்பர் இறுதியிலும் மட்டுமே நாம் கணக்கிட்ட 12 மணி 23 நிமிஷத்தோடு பொருந்துகிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு. பூமி சூரியனைச் சுற்றும் பாதை பூரண வட்டம் அன்று. ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு அருகில் வரும்போது விரைவாகவும், ஜூலையில் தூரத்தில் இருக்கும்போது மெதுவாகவும் செல்கிறது. அன்றியும், பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால், சூரியனுடைய வருஷாந்தரப் பயணத்தில் கிழக்கு நோக்கிய நகர்ச்சி எல்லா மாதங்களிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. கடிகாரம் காட்டுவது, இந்த ஏற்றத்தாழ்வுகளைச் சமன்செய்து கற்பனையாக அமைத்த ஒரு சராசரிச் சூரியனுடைய நேரம்.

தை பிறந்துவிட்டதே, பகல் வளர்கிறதே, விடியற்காலை மட்டும் ஏன் இன்னும் தாமதமாகிறது என்று பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள் கேட்பதுண்டு. அது மிகச் சரியான அவதானிப்பு. மைசூரில் பகல் மிகக் குறுகிய நாள் டிசம்பர் 22-ஐ ஒட்டியது. அன்று பகல் சுமார் 11 மணி 24 நிமிஷம். ஆனால் சூரியன் மிகத் தாமதமாக எழுவது ஜனவரி பிற்பகுதியில், ஏறத்தாழ 6 மணி 50 நிமிஷத்துக்கு. பகல் மெல்ல மெல்ல வளர்ந்தாலும், நண்பகல் அதைவிட வேகமாகக் கடிகாரத்தில் பின்தள்ளிப் போவதால், உதயமும் கூடவே பின்தள்ளப்படுகிறது. மே மாதக் கடைசியிலோ உதயம் 5 மணி 57 நிமிஷத்தை ஒட்டி நிகழ்கிறது. சாமுண்டி மலையின் உச்சியில், நகரத்தைவிடச் சுமார் 300 மீட்டர் உயரத்தில் நின்று பார்க்கிறவருக்குத் தொடுவானம் அரைப் பாகை தாழ்ந்து தெரிவதால், உதயம் மேலும் இரண்டு நிமிஷம் முன்னதாகவே கிடைக்கும்.

வெயிலில்லாத வேளைக்கு நீர் வட்டில் உண்டு. அர்த்தசாஸ்திரம் சொல்லும் வட்டில், அடியில் துவாரமிட்ட குடம். அதிலிருந்து ஓர் ஆடகம் நீர் வடிவதற்கு ஆகும் காலம் ஒரு நாழிகை. துவாரம் எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லிய விதத்தில்தான் ஆசிரியரின் மேதை தெரிகிறது: நாலு மாஷம் எடையுள்ள பொன்னை நாலு அங்குல நீளத்துக்கு இழுத்தால் எவ்வளவு பருமன் வருமோ அவ்வளவு. பொன் துருப்பிடிக்காது, கலப்பில்லாத பொன்னின் அடர்த்தி எங்கும் ஒன்றே, ஆகவே தராசும் அளவுகோலும் இருந்தால், நூலிழை போன்ற அந்தப் பருமனை எந்த ஊரிலும் பிசகின்றித் திரும்ப உண்டாக்கலாம். இருந்தாலும் வடியும் வட்டிலுக்கு ஒரு குறை உண்டு. நீர்மட்டம் தாழத் தாழ அழுத்தம் குறைந்து, ஒழுக்கும் மந்தமாகிறது.

பிற்காலத்துச் சித்தாந்த நூல்கள் இதை வேறுவிதமாகத் தீர்த்தன. சூரிய சித்தாந்தம் கூறும் செப்புக் கிண்ணம், அடியில் சிறு துவாரத்தோடு தொட்டி நீரில் மிதக்கவிடப்படுகிறது; நீர் உள்ளே ஏறி, ஒரு நாழிகையில் கிண்ணம் மூழ்குகிறது; இராப்பகலில் அறுபது தடவை மூழ்குமாறு துவாரத்தை அமைக்கவேண்டும். மிதக்கும் பாத்திரத்துக்கு வெளியே உள்ள நீர்மட்டத்துக்கும் உள்ளே உள்ள நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தீர்மானிப்பது பாத்திரத்தின் எடை. பக்கங்கள் நேராக இருக்கும் பாத்திரமாயின், அந்த வித்தியாசம் தொடக்கம் முதல் முடிவு வரை மாறாது. ஆகவே உள்ளே பாயும் நீரின் வேகமும் மாறாது. வீட்டிலுள்ள நேர்ப்பக்கமான எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் ஊசித்துளை இட்டு இதைச் சோதிக்கலாம். நிமிர்ந்து மிதப்பதற்காக அடியில் சிறிது பாரம் சேர்க்கவேண்டியிருக்கும். துளையைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கியும், பாரத்தைக் கூட்டிக் குறைத்தும், அது 24 நிமிஷத்தில் மூழ்கும்படி செய்வது பொறுமையையும் கைத்திறனையும் வேண்டும் வேலை. சித்திரை வெயிலில் நீரின் பிசுப்புத் தன்மை குறைவதால் அதே டம்ளர் சற்று விரைந்து மூழ்கும் என்பதையும் கவனிக்கவேண்டும்.

இவையெல்லாம் பழங்கதை என்று யாரேனும் சொல்வார்களானால், அவர்கள் தம்மைச் சுற்றிப் பார்க்கவில்லை என்றே சொல்வேன். மைசூரின் பெருந்திருவிழாவான தசராவில், விஜயதசமியன்று தங்க அம்பாரி சுமந்த யானையின் ஊர்வலத்துக்கு முன் நடக்கும் நந்தி துவஜ பூஜைக்கு, அரசாங்கம் அறிவிக்கும் நேரம் ஒரு லக்னத்தைக் கொண்டு நிச்சயிக்கப்படுவது. லக்னம் என்பது குறித்த இடத்தின் கீழ்த்திசைத் தொடுவானத்தில் அப்போது உதிக்கும் ராசி. அட்சரேகையும் தீர்க்கரேகையும் மாறினால் அதுவும் மாறும். அக்ரஹாரத்துப் பஞ்சாங்கம் பகலை எட்டாகப் பகுத்து ராகுகாலம் குறிக்கிறது. சூரியன் ஆறு மணிக்கே உதிப்பதாக வைத்துக்கொண்டு நாட்காட்டியில் அச்சிடும் ராகுகாலத்துக்கும், மைசூரின் உண்மையான உதயத்திலிருந்து கணக்கிடும் ராகுகாலத்துக்கும் ஜனவரியில், கிழமைக்கு ஏற்ப, முக்கால் மணி வரை வித்தியாசம் வரும். ராகுகாலத்தின் பலனை நான் ஏற்கிறேனா என்பது வேறு விஷயம். பகலை உதயத்திலிருந்து அளக்கும் பழக்கம் அதில் உயிரோடு இருக்கிறது. அசோகா ரோட்டிலுள்ள மசூதியில் அஸர் தொழுகைக்குரிய வேளை எதனால் ஏற்பட்டது? ஒரு பொருளின் நிழல், நடுப்பகல் நிழலைத் தவிர்த்து, அப்பொருளின் அளவுக்கு நீளும்போது தொடங்குவது என்பது ஒரு மரபு. இரு மடங்காகும்போது என்பது மற்றொரு மரபு. கௌடிலியரின் சங்கும் இந்தத் தொழுகை அட்டவணையும் ஒரே அளவுகோலைப் பிடித்திருக்கின்றன.

மனிதன் வகுத்த கணக்குகள் ஒருபுறம் இருக்க, ஜீவராசிகளுக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. அந்திமந்தாரை பிற்பகல் சாய்ந்த பிறகு விரிகிறது. பவழமல்லி இரவில் மலர்ந்து விடியுமுன் உதிர்கிறது. இதை விஞ்ஞான ரீதியாக ஆராய்ந்தவர்களில் நாம் பெருமையோடு நினைக்கவேண்டியவர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன். மதுரைக்கு அருகே வெளிச்சமே புகாத குகையில் வாழும் வௌவால்களை அவரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தார்கள். கூண்டில் தனியே அடைத்த வௌவால், தன் இனம் நிறைந்த குகையில் இருக்கும்வரை, மாலையில் வெளியேறி விடியலில் திரும்பும் கூட்டத்தோடு தன் உறக்க விழிப்பைச் சேர்த்து நடத்திற்று. கூட்டமற்ற இருளிலோ அதன் உள்கடிகாரம் வெளியுலகத்தோடு ஒட்டாமல் தனிப் போக்கில் சென்றது. 1981-இல் வெளியான அந்த ஆராய்ச்சி, வெளிச்சம் இல்லாத இடத்தில் சமூகமே கடிகாரமாகலாம் என்பதைக் காட்டியது. கடிகாரமும் சூரிய ஒளியும் இல்லாத தனியறையில் மனிதர்களைப் பல நாள் வாழச்செய்து ஆராயும் வசதியையும் அவர் அப்பல்கலைக்கழகத்தில் அமைத்தார். அத்தகைய தனிமையில் மனித உடம்பின் சுற்று பெரும்பாலோருக்கு 24 மணியைவிடச் சற்று நீளமாக ஓடுகிறது. சிலருக்கு உறக்கத்தின் சுற்று உடல் வெப்பத்தின் சுற்றிலிருந்து பிரிந்தே போய்விடுகிறது. அதை நாள்தோறும் திருத்திவைப்பது முக்கியமாகக் காலை வெளிச்சம்.

மைசூரில் ஜனவரிக் கடைசியில் ஆறு மணிக்கு எழுப்பும் கைபேசி, உதயத்துக்கு ஐம்பது நிமிஷம் முன்னதாகவே எழுப்புகிறது என்பதை இந்த அறிவோடு சேர்த்து யோசிக்கவேண்டும். மிர்சாபூரின் நேரம் நம் மணிக்கட்டில் இருக்கலாம். நம் கண்ணுக்குள் புகுந்து உடம்பைத் திருத்தும் வெளிச்சம் நம் ஊரின் கிழக்கிலிருந்து வருவது. விடுமுறை நாட்களிலாவது எழுவதையும் உண்பதையும் உதயத்திலிருந்து நாழிகை எண்ணிச் செய்து பார்க்கும்படி நான் சிபாரிசு செய்வது இதனால்தான். அசாமின் தேயிலைத் தோட்டங்கள் இந்திய நேரத்துக்கு ஒரு மணி முந்திய ‘தோட்ட நேரத்தை’ இன்றும் வைத்துக்கொண்டிருப்பது, பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்தவேண்டிய உழைப்பின் நிர்ப்பந்தத்தால்.

ஆணையிட்டு நேரத்தை மாற்றிய சோதனைகள் வேறு வகை. மைசூருக்குப் பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆண்ட திப்பு சுல்தான், மாதங்களுக்கும் அறுபது வருஷச் சக்கரத்துக்கும் புதுப்பெயர் சூட்டி, 1787 முதல் ‘மௌலூதி’ என்னும் புதிய சகாப்தத்தைத் தம் நாணயங்களில் பொறித்தார்; அதன் இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும். 1799-இல் அவருடைய அரசு வீழ்ந்ததோடு அதுவும் மறைந்தது. பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1793-இல் நாளைப் பத்து மணியாகவும் மணியை நூறு நிமிஷமாகவும் பகுத்தார்கள். 1795-லேயே அந்தக் கட்டாயத்தைக் கைவிட நேர்ந்தது. இலங்கையில் 1996-இல் அரசாங்கம் கடிகாரங்களை முன்தள்ளி வைத்தபோது, விடுதலைப் புலிகள் வசமிருந்த வடபகுதிகள் பழைய நேரத்தையே கடைப்பிடித்தன. சோதனைச் சாவடியைக் கடக்கும் தமிழர் தம் கைக்கடிகாரத்தையும் திருப்பவேண்டியிருந்தது. 2006 ஏப்ரலில் தீவு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பிற்று. அதிகாரத்தின் வலுவால் மட்டும் நிற்கும் நேரத்துக்கு ஆயுள் குறைவு. நான் கூறும் பரீட்சைகளோ ஒருவர் தம் மாடியில் பிறருக்கு இடையூறின்றிச் செய்யக்கூடியவை.

அவற்றுள் எனக்கு மிகவும் பிரியமான ஒன்றைக் கடைசியாகச் சொல்கிறேன். அதற்குச் சென்னையில் ஒரு நண்பர் வேண்டும். இருவரும் ஒரே நாளில், மேலே சொன்ன வட்ட முறையில், தத்தம் நடுப்பகலை இந்திய நேரத்தில் குறிக்கவேண்டும். பருவத்தால் வரும் ஏற்றத்தாழ்வு இரு ஊருக்கும் பொதுவாதலால் தானே நீங்கிவிடும். எஞ்சும் வித்தியாசம் பதினாலரை நிமிஷம் அளவில் வரும். நாலு நிமிஷத்துக்கு ஒரு பாகை என்று வகுத்தால் சுமார் 3.6 பாகை, இந்த அட்சரேகையில் ஒரு பாகை ஏறக்குறைய 108.6 கிலோமீட்டர் ஆகிறபடியால், மைசூரிலிருந்து சென்னை நேர்கிழக்கே 390 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் விலகியிருப்பது, சாலையில் ஓர் அடி எடுத்துவைக்காமலே தெரிந்துவிடும். அரை நிமிஷம் பிசகினால் தூரத்தில் பதின்மூன்று பதினாலு கிலோமீட்டர் பிசகும். ஆகவே கைபேசியின் நேரத்தை விநாடி வரை குறிக்கவேண்டும். சூரியன் ஒரு புள்ளியாக இராமல் அரைப் பாகை அகலமுள்ள வட்டமாக இருப்பதால் குச்சியின் நிழல் நுனி மங்கலாக விழும். அந்த இடரைத் தவிர்க்க, சங்கின் உச்சியில் ஊசித்துளையிட்ட தகடு ஒன்றைப் பொருத்தினால், துளையின் வழியே தரையில் விழும் சிறிய சூரிய பிம்பத்தின் மையத்தைக் குறித்துக்கொள்ளலாம். முற்பகல் பத்து மணியிலிருந்து அடுத்தடுத்து மூன்று நாலு வட்டங்களைப் போட்டுவைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் கிடைக்கும் நடுப்பகலைச் சராசரி எடுப்பது நல்லது. பிற்பகலில் ஒரு மேகம் வந்து ஒரு வட்டத்தை மறைத்தாலும் மற்றவை கைகொடுக்கும்.